மஞ்சள் வில்லை

நாலு மணிக்கு வரும்.
பெரட்டுக்குத் தப்பு அடிக்கிற நேரம் போய்விடும்.
வேலைக்குப் போகவிடுகிற காய்ச்சல்.
அதனால் யாரும் நம்பவில்லை.

டிஸ்பென்சரியில் எட்டு பெனடோல்.
மறு கிழமையும் எட்டு.
டெங்குவா என்று நானே கேட்டேன்.
இந்தக் குளிரில் எந்த நுளம்பு உயிரோடு இருக்கும் என்று சிரித்தார்கள்.
"மனசுல ஏதும் பாரமா?" என்றார் ஐயா.
பாரம் இடுப்பில் இருந்தது.
கறக்கக் குந்தினால்
செவலையின் காலைப் பிடித்துத்தான் எழும்பினேன்.
அவள் உதைக்கவில்லை.

செவலை, சங்கத்துக் கடனில் வந்தவள்.
காதில் மஞ்சள் வில்லை, இலக்கம் 0417.
ஆனி மழையில், ஆறாம் மாசத்திலேயே
லயத்துக்குப் பின்னால் கன்று விழுந்தது.
முடி முளைக்காத கன்று.
நஞ்சுக்கொடி விழவில்லை.
போன் வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு
முழங்கை வரை கை விட்டு
நான்தான் இழுத்தேன்.
கையில் புல் அறுத்த கீறல்,
விரல் இடுக்கில் அட்டை கடித்த இடம்.
டர்பன்டைன் மரத்தடியில் புதைத்தோம்.
இரண்டாம் நாள் நாய் தோண்டியது.
மறுபடி புதைத்தேன், அதே கையால்.

எங்கள் பால் விடியுமுன் சங்கத்துக்குப் போகும்.
எங்கள் தேத்தண்ணிக்கு, கடையில் கடன் சொல்லி
பால்மா பைக்கட் வரும்.
பிள்ளைகளுக்கும் அதுதான்.
இருளப்பனுக்கு மட்டும் மடியிலிருந்து நேரே
ஒரு கோப்பை நுரைப்பால்.
காய்ச்சினால் சத்து போய்விடுமாம்.

ஆவணியில் அவன் நடை மாறியது.
கால்களை அகட்டி, படி இறங்கும்போது பல்லைக் கடித்து.
கான் வெட்டும்போது சறுக்கியது என்றான்.
இரவில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.
நான் வேறு ஏதோ நினைத்தேன்.
நினைத்ததைச் சொல்லவில்லை.

ஒன்பதாம் கிழமை, நுவரெலியா வாட்டு.
கிண்ணியாப் பக்கத்து டாக்டர் பிள்ளை,
முக்காட்டுக்குள் தூக்கம் இல்லாத கண்.
"என்ன வேலை?"
"கொழுந்து."
"அதுக்கு முன்ன? அதுக்குப் பிறகு?"
மாட்டை ஒரு வேலை என்று
செக்ரோல் எழுதுகிறவர் கணக்கெடுத்ததில்லை.
நானும் கணக்கெடுத்ததில்லை.
சொன்னேன்.
"கன்று விழுந்ததா?" என்று கேட்டாள்.
எட்டு எட்டாக பெனடோல் தந்த எவரும்
கேட்காத கேள்வி.

என் இரத்தம் கொழும்புக்குப் போனது.
செவலையின் இரத்தம் எடுக்க மிருக வைத்தியர் வந்தார்,
முழங்கை வரை உறை போட்டுக்கொண்டு.
அந்த உறையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
அவள் பதில் ஆறாம் நாள் வந்தது, இலக்கம் பிழையில்லாமல்.
என் பதில் இருபத்து மூன்றாம் நாள்.
பவளம் என்பது பவானி என்று இருந்தது.
அதற்குள், என் நோய் என்ன என்று
மாட்டின் காகிதத்தில் தெரிந்துவிட்டது.

ஆறு கிழமைக் குளிசை, இரண்டு வகை.
சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்படாதே என்றாள்.
மாட்டுக்கு மருந்து இல்லையாம்.
கடன் இன்னும் பதினாலு தவணை.

அன்றிரவு சுவரைப் பார்த்துக் கிடந்த முதுகிடம் சொன்னேன்:
"அந்த வீக்கத்துக்கும் இதே பேர்தானாம்."
நிறைய நேரம் மழைதான் கேட்டது.
பிறகு,
"யார்கிட்ட சொன்ன?" என்றான்.
"டாக்டர்கிட்ட."
"பொம்பளையா?"
"நாளைக்கு ஆறரை பஸ்."

லொறி வந்தபோது செவலை தானாகவே ஏறினாள்.
கங்காணி மகன் வில்லையைக் கழற்றி
என் கையில் வைத்தான், ஏதோ மிச்சக் காசு மாதிரி.

கிளினிக்கில் இருவரும் வரிசையில் நின்றோம்.
அவன் தலை குனிந்து, நான் அவனுக்கு முன்னால்.
"நம்பர்?" என்றார்கள்.
கொப்பியைத் தேடிப் பைக்குள் கைவிட்டேன்.
முதலில் அகப்பட்டது
அது.